சாந்தாமணி எழுதிக் கொடுத்த நாலு ஏக்கர்

சாந்தாமணிக்கு வயது ஐம்பத்து மூன்று. அதில் இருபத்தாறு வருடங்களை அடுத்தவர் வீட்டு வாசலில் கழித்திருக்கிறார்.

முதலில் காந்திபுரத்தில் ஓர் ஏலச்சீட்டுக் கம்பெனி. சீட்டு எடுக்க வருகிறவர் தவணை ஒழுங்காகக் கட்டுகிற ஆள்தானா என்று வீடு தேடிப் போய்ப் பார்த்துச் சொல்வது வேலை. கோயமுத்தூரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரையும் சந்தேகப்பட்டார். ஒரு நாள் காலை முதலாளி ஷட்டரை இறக்கிவிட்டுக் குடும்பத்தோடு காணாமல் போனபோதுதான், அந்த ஒரு வீட்டை மட்டும் போய்ப் பார்க்காமல் விட்டது புரிந்தது. அதற்குப் பிறகு சந்தேகம் இன்னும் கூடிப்போனது. பீளமேட்டில் லேத் ஓட்டுகிற அவருடைய வீட்டுக்காரர் சொல்வார்: "நான் பல்லு விளக்கிட்டேன்னு சொன்னாக்கூட பிரஷ்ஷைத் தொட்டுப் பாத்துப்போட்டுத்தானுங்க காபி குடுப்பா."

இப்போது அவினாசி சாலையில் இருக்கிற ஒரு கல்வி அறக்கட்டளையில் வேலை. நூல் மில் வைத்திருந்த குடும்பம், தங்கள் அம்மா ரங்கநாயகி பெயரில் நடத்துவது. பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்துவிடுவதோடு அவர்கள் நிற்பதில்லை. சேர்ந்த பிள்ளை பட்டத்தோடு வெளியே வரவேண்டும் என்பதுதான் கணக்கு. அதனால் கடைசி வருடத்தில் பணம் இல்லாமல் நின்றுபோகிற நிலையில் இருப்பவர்களைத் தேடிப் பிடித்துக் கட்டணம் கட்டுகிறார்கள். "சேர்க்கை அன்னிக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்க எல்லாரும் வருவாங்க. அஞ்சாவது செமஸ்டர்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க" என்பார் அங்கே நிர்வாகியாக இருக்கும் நவ்யா. முப்பது வயதுகூட ஆகாத, பெங்களூரில் படித்துவிட்டு வந்த பெண்.

விண்ணப்பித்தவர்களில் யார் நிஜமாகவே கஷ்டப்படுகிறவர், யார் கஷ்டப்படுவதுபோல் நடிக்கிறவர் என்று பிரித்துத் தருவது சாந்தாமணியின் பொறுப்பு. அதற்கு அவருக்கென்று ஒரு முறை உண்டு. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பார். தண்ணீர் கேட்பார், கொண்டுவருகிறவர் உள்கதவைத் திறக்கும்போது ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். வருமானச் சான்றிதழை அவர் மதிப்பதே இல்லை. நிலம் யார் பேரில் என்று காட்டும் சிட்டாவையும் அப்படித்தான். பாதித் தோட்டம் செத்துப்போன பெரியவர்கள் பேரிலேயே இருக்கிற ஊரில், சிட்டாவில் பேர் இல்லை என்பதற்கு என்ன அர்த்தம்? "காயிதத்தை வெலைக்கு வாங்கிப்போடலாமுங்க. பக்கத்து வூட்டுக்காரி வாயை வாங்க முடியாது" என்பது அவர் வாக்கு. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பக்கத்து வீடு; அப்புறம்தான் விண்ணப்பித்தவர் வீடு.

இதில் நவ்யா போட்ட ஒரு நிபந்தனை இருந்தது. எதற்காக வந்திருக்கிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லக்கூடாது. உதவி கேட்டார்கள் என்று ஊருக்குத் தெரிந்தால் பிள்ளைக்குக் கேவலம். சாந்தாமணிக்கும் அது வசதியாகவே இருந்தது. விஷயம் தெரியாதவர்கள் வாயிலிருந்துதான் உண்மை வரும் என்று அவர் நினைத்தார்.

ஜூலை மாதம் லோகப்பிரியாவின் விண்ணப்பம் வந்தது. கோபிசெட்டிபாளையத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், மூன்றாம் வருடம். அப்பா சரக்கு ஆட்டோ ஓட்டியவர். விபத்தில் கால் போய்விட்டது, வருமானம் நின்றுவிட்டது, சொந்தமாக நிலம் இல்லை என்று எழுதியிருந்தாள். கோபியிலிருந்து மேற்கே போகிற வாய்க்கால் சாலையில் வண்டியை விட்டு, ஊர்க்கோடியில் விண்ணப்பத்தில் இருந்த முகவரியில் சாந்தாமணி நிறுத்தியபோது அவர் கண்ணில் பட்டது வேறு. வரிசை பிசகாமல் நிற்கும் தென்னந்தோப்பு. நடுவில் ஓட்டுச் சாளை, தோட்டத்து வீடு. மோட்டார் ரூம். கட்டுத்தறியில் இரண்டு கறவை மாடுகள்.

'நிலம் இல்லையாம்!' என்று நினைத்துக்கொண்டார்.

தோப்புக்கு எதிர்வீட்டில் செல்லாத்தாள் என்ற அம்மா வாசலில் உட்கார்ந்து மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும்.

"ஏனுங்க, இந்த லோகப்பிரியா வூட்டைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்க வந்தனுங்க."

செல்லாத்தாள் முறத்தை அப்படியே ஒதுக்கி வைத்தார். எழுந்து முந்தானையை இழுத்துச் சரிசெய்தார். பிளாஸ்டிக் நாற்காலியை இரண்டு தடவை துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க அம்மணி, உக்காருங்க. எந்த ஊருங்க?"

"கோயமுத்தூருங்க."

"கோயமுத்தூர்ல இருந்தே வந்துபோட்டீங்களா! பொண்ணு தங்கமுங்க. இருக்கற எடம் தெரியாது. படிப்புன்னா படிப்பு, வேலைன்னா வேலை."

'கேட்காமலே நற்சான்றிதழ் வருகிறது. சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்' என்று சாந்தாமணிக்குப் பட்டது. நேரே விஷயத்துக்கு வந்தார்.

"சொத்துபத்து எப்படிங்க?"

"அதுக்கென்னங்க கொறச்சல்? இந்தா, கண்ணு முன்னால தெரியுதல்லங்க தோப்பு. நாலு ஏக்கரு. கெணறு வத்தி நான் பாத்ததில்லீங்க."

"எல்லாம் அவங்களுதுங்களா?"

"பின்ன யாருதுங்க? ஒத்தைப் புள்ளை வேற. நாளைக்கு எல்லாம் அவளுக்குத்தான?"

"அப்பனுக்குக் கால்ல பலமா அடின்னு சொன்னாங்களே?"

"அட, அது சுளுக்குங்க! நல்லா நடக்கறாருங்க. அதையெல்லாம் ஒரு கொறையா நெனைக்காதீங்க அம்மணி."

விபத்தும் பொய் என்று சாந்தாமணி மனதில் எழுதிக்கொண்டார். கிளம்பும்போது செல்லாத்தாள் குரலைத் தணித்துக் கேட்டார்: "உங்க பக்கம் எப்படிங்க?"

அறக்கட்டளையைப் பற்றி மூச்சு விடக்கூடாது. "பெரிய எடமுங்க. மில்லுக்காரங்க. நாலு பக்கமும் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க" என்றார் சாந்தாமணி.

செல்லாத்தாள் கைகூப்பிவிட்டார்.

சாளையில் லோகப்பிரியாவின் அம்மா துளசிமணி இருந்தார். தோப்பு யாருடையது என்று கேட்டதற்கு, "ஓனரு திருப்பூர்ங்க. நாங்க காவலுக்கு இருக்கறமுங்க. வாடகை இல்லீங்க" என்று பதில். கண்ணுக்குத் தெரியாத திருப்பூர் ஓனர்! இந்த மாதிரி ஓனர்களைச் சாந்தாமணி நிறையப் பார்த்திருக்கிறார்; ஒருத்தரும் நேரில் வந்ததில்லை. அப்பன்காரர் கட்டிலில் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டுப் படுத்திருந்தார். நல்ல வெயில் நேரத்தில் எதற்குப் போர்வை? விலக்கிக் காட்டச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் சுளுக்கு என்ற சொல் காதில் நின்றது.

'நாலு ஏக்கர் தோப்பை மறைத்துள்ளனர். காயம் வெறும் சுளுக்கு' என்று எழுதிக் கொடுத்தார். விண்ணப்பம் தள்ளுபடியானது.

செப்டம்பர் கடைசியில் நவ்யா அவரைக் கூப்பிட்டார்.

"சாந்தாக்கா, அந்த கோபிப் பொண்ணு தெனமும் போன் பண்றா. அழவே இல்ல, சண்டை போடுறா."

"மாட்டிக்கிட்டவங்கதானுங்க மேடம் மொதல்ல சத்தம் போடுவாங்க."

"இருக்கலாம். ஆனா வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலேன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்களாம். அத்தோட படிப்பை நிறுத்திட்டு மில்லுக்குப் போறதா சொல்றா. நமக்கு மனசாட்சி சுத்தமா இருக்கணும். போயி ஆதாரத்தோட வாங்க. தோப்பு அவங்களோடதுதான்னு காட்டிட்டீங்கன்னா நான் போனை வெச்சிடுறேன்."

சாந்தாமணி மறுநாளே கிளம்பினார். அந்தக் குடும்பத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்ற வேகம். வண்டியை நிறுத்தி இறங்கவில்லை, எதிர்வீட்டிலிருந்து செல்லாத்தாள் ஓடி வந்தார்.

"ஏனுங்க அம்மணி, எத்தனை நாளாச்சு! ஜாதகம் பொருந்திருச்சுங்களா?"

"என்ன ஜாதகமுங்க?"

"பையன் ஜாதகந்தானுங்க! நீங்க பையனுக்கு அத்தைங்களா, சின்னம்மாளுங்களா? அன்னைக்குக் கேக்காம உட்டுப்போட்டேன். மில்லுக்காரங்கன்னு சொன்னதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க."

சாந்தாமணி ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். 'விசாரிக்க வந்தேன்' என்று அவர் சொன்னதும், முறம் ஒதுங்கியதும், நாற்காலி துடைக்கப்பட்டதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வெளியூரிலிருந்து நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி வந்து, வயதுக்கு வந்த பெண்ணைப் பற்றியும் சொத்தைப் பற்றியும் விசாரித்தால் இந்தப் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"நான் கல்யாணத்துக்கு வரலீங்க. அந்தப் புள்ளைக்குப் படிப்புக்குப் பணம் குடுக்கறதுக்கு வூட்டு நெலமை பாக்க வந்தேன்" என்றார். நிபந்தனை உடைந்தது பற்றி அப்போது நினைப்பே இல்லை.

செல்லாத்தாள் வாயில் கை வைத்தார். "அடக் கெரகமே! அப்பவே சொல்லியிருந்தா நெசத்தைச் சொல்லியிருப்பனே! அவுங்களுக்கு ஒரு குழி நெலங்கூட இல்லீங்க. காவலுக்கு வந்தவங்க."

"அன்னைக்கு நாலு ஏக்கர்னீங்க."

"பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்ட வேற என்னங்க சொல்லுவாங்க? பொண்ணு வூட்டைக் கொறைச்சுப் பேசுன வாய் வெளங்குமுங்களா?"

"அன்னைக்குச் சொன்னது பொய்யின்னா, இன்னைக்குச் சொல்றது நெசம்னு நான் எப்படி நம்பறதுங்க?"

"ஆயிரம் பொய் சொல்லலாம்பாங்க அம்மணி. நான் நாலே நாலுதானுங்க சொன்னேன்" என்றார் செல்லாத்தாள், கொஞ்சம் கோபமாகவே.

சாந்தாமணி சிரிக்கவில்லை. விண்ணப்பம் தள்ளுபடியானது ஊருக்குத் தெரிந்து, துளசிமணியே வந்து இப்படிச் சொல்லச் சொல்லியிருக்கலாம் அல்லவா? ஜாதகக் கதையும் அதில் ஒரு பகுதியாக இருக்கலாம். ஒரே வாய், இரண்டு கதை. கல்யாணத்துக்கு என்றால் கூட்டிச் சொல்வார்கள். உதவிப் பணம் என்றால் குறைத்துச் சொல்வார்கள். கூட்டவும் குறைக்கவும் காரணமே இல்லாத ஒரு கேள்வி வேண்டும்.

வண்டியைத் திருப்பி, வாய்க்கால் பாலத்தருகே இருந்த டீக்கடைக்குப் போனார். ஒரு டீ சொன்னார்.

"ஏனுங்க, நம்ம தேங்காய் யாவாரமுங்க. அந்த ஊர்க்கோடித் தோப்புல காய் எடுக்கலாம்னு பாக்கறேன். யாருகிட்டப் பேசோணும்?"

"திருப்பூர்க்காரருகிட்டப் பேசுங்க" என்றார் கடைக்காரர், பாலை ஆற்றிக்கொண்டே. "பனியன் கம்பெனி வெச்சிருக்காரு. நம்பர் வேணும்னா தாரேன்."

"சாளையில ஒரு குடும்பம் இருக்குதே, அவங்ககிட்டப் பேசிக்கிட்டா ஆகாதுங்களா?"

பெஞ்சில் இருந்த டிராக்டர்காரர் திரும்பினார். "அவங்க காவலுக்கு இருக்கறவங்கக்கா. ஒரு எளநி வெட்டோணும்னாலும் ஓனருக்குப் போன் அடிக்கோணும். அவங்ககிட்ட முன்பணம் குடுத்துத் தொலைச்சுப்போடாதீங்க."

"பாவம், அந்த ஆளுக்குக் காலும் இல்ல" என்றார் கடைக்காரர்.

ஊரார் பால் ஊற்றுகிற இடத்தில் அந்தச் சாளை மாட்டை விலைக்குக் கேட்டார் சாந்தாமணி. மாடும் திருப்பூர்க்காரருடையதுதான் என்றார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு ஆள்கூடத் தயங்கவில்லை. காசு தப்பான கைக்குப் போய்விடக்கூடாது என்றால் எல்லோரும் சரியான பேரைச் சொல்லிவிடுகிறார்கள்.

மறுபடி சாளைக்கு வந்தபோது வாசலில் லோகப்பிரியா நின்றிருந்தாள். செல்லாத்தாள் அதற்குள் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. ஒல்லியான பெண், சுடிதாரின் கையை மடித்துவிட்டிருந்தாள். 'வாங்க' என்று மட்டும் சொன்னாள். எதிரியாக இருந்தாலும் வந்தவரை அந்த ஊரில் அப்படி அழைக்காமல் இருக்க முடியாது.

"நீங்கதானுங்களா எங்களுக்கு நாலு ஏக்கர் எழுதிக் குடுத்தவங்க? எப்பங்க வந்து அளந்து விடுவீங்க?"

"கண்ணு..."

"அப்பனுக்குச் சுளுக்குன்னும் எழுதியிருந்தீங்களாமா. உள்ள வந்து பாருங்க."

"ஏய், பெரியவங்ககிட்ட அப்படிப் பேசாத!" என்று உள்ளேயிருந்து துளசிமணி அதட்டினார்.

"பெரியவங்க எழுதுனதைத்தானம்மா சொல்றேன்."

கட்டிலில் இருந்த அப்பன்காரர் மேல் அன்றைக்குப் போர்வை இல்லை. ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. பெண்ணைப் பற்றி விசாரிக்க யாரோ வந்திருக்கிறார்கள் என்று செல்லாத்தாள் ஜூலையில் அப்பன்காரருக்கு மட்டும் ஜாடை காட்டிவிட்டதால், நல்ல இடம் தட்டிப்போய்விடக்கூடாது என்று அவர் அவசர அவசரமாகப் போர்வையை இழுத்துவிட்டிருந்தார். அதை அவரே சொன்னார். சொல்லிவிட்டு, "தப்புத்தானுங்க" என்றார்.

மறுநாள் நவ்யா முன்னால் உட்கார்ந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். நவ்யா நடுவில் ஒரு இடத்தில் சிரித்தார். முடிகிறபோது முகம் மாறியிருந்தது.

"சாந்தாக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது. அந்த வீட்டுல ஏதாச்சும் வாங்கினீங்களா?"

"என்னங்க மேடம்?"

"மறுத்த வீட்டை அதே ஆளு திரும்பப் போயி ஏத்துக்கிட்டு வந்தா, அந்த வூட்டுல கை நனைச்சுட்டாங்கன்னு அர்த்தம். அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கக் கூடாது, வேற ஆளை அனுப்பணும். இந்த விதியை எனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

சாந்தாமணிதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெருமையாக.

"சரிங்க மேடம். வேற ஆளை அனுப்புங்க. என்னை நம்பாதீங்க" என்றார். "ஆனா நம்ம ஆபீஸ்ல இருக்கற சபரீஷ் போனாலும், 'விசாரிக்க வந்திருக்கேன்'னுதான் ஆரம்பிப்பான். ஊர்ல இப்ப எல்லாருக்கும் விஷயம் தெரிஞ்சுபோச்சு. கஞ்சிக்கே வழியில்லன்னு அந்தப் பக்கம் கூட்டிச் சொல்லுவாங்க. சொல்லிக் குடுத்து வெச்சிருக்காங்கன்னு இவன் எழுதுவான். நானா இருந்தாலும் அப்படித்தான் எழுதுவேன். வெள்ளிக்கிழமை போயிரும்."

"அப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? தேங்காய் வியாபாரின்னு பொய் சொல்லச் சொல்லவா?"

"எதுக்கு வந்தோம்னு சொல்லாம நிக்கறது மட்டும் நெசமுங்களா மேடம்? நாம சொல்லாம உட்ட எடத்துலதான் அவங்க மாப்பிள்ளையைக் கொண்டாந்து நிறுத்திப்போட்டாங்க."

நவ்யா பேனாவை மூடி வைத்தார். பிறகு போனை எடுத்து லோகப்பிரியாவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார். இன்னொருவர் வருவார், எதற்காக வந்தோம் என்று ஊரில் வெளிப்படையாகச் சொன்னால் உனக்குச் சங்கடமா என்று கேட்டார்.

"நாங்க காவலுக்கு இருக்கறது ஊருக்கே தெரியுமுங்க மேடம்" என்றது போன். "இதுல மறைக்க என்ன இருக்குது? இதை மொதல்லயே எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே. எனக்குக் கேவலம்னு நீங்களா முடிவு பண்ணிக்கிட்டீங்களாக்கு."

நவ்யாவின் காது சிவந்துவிட்டது. சாந்தாமணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

புதன்கிழமை சபரீஷ் போனான். சாந்தாமணி அவனிடம் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று உத்தரவு, பேசவில்லை. அவன் டீக்கடையிலும், பால் ஊற்றுகிற இடத்திலும், எதிர்வீட்டிலும் தான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லிவிட்டே கேட்டான். அங்கிருந்தே ஓனருக்கும் போன் போட்டான். திருப்பூர்க்காரர் எடுத்தார், அவர் சத்தம் போட்டதில் பாதி, டீக்கடைக்காரர் சொன்ன அந்தத் தேங்காய் வாங்குகிற பொம்பளை எங்கே என்பது. செல்லாத்தாள் சபரீஷிடம் அந்த வீட்டில் அடுப்பே எரிவதில்லை என்று சொன்னதை அவன் எழுதவில்லை; அவர் சொன்னபோது சாளையிலிருந்து கொள்ளு வேகிற வாசனை வந்துகொண்டிருந்தது. மற்றதெல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் கல்லூரிக்குப் பணம் போனது.

அன்று சாயங்காலம் சாந்தாமணி திரும்பவும் நவ்யாவின் அறைக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அந்தப் புள்ளை சண்டை போட்டுது. அதனால தெரிஞ்சுது. சண்டை போடாம நின்னுபோனவங்க இருப்பாங்களே மேடம்."

"எத்தனை வீடு இருக்கும்?"

"நான் வேண்டாம்னு எழுதுன எல்லா வூடும் பாக்கோணும். பசங்க வூடும் சேத்துத்தான். பையனைப் பத்திக் கேட்டாலும் பொண்ணு குடுக்க வந்திருக்காங்கன்னுதான நெனைப்பாங்க?"

"அது முடியற வரைக்கும் உங்களை வெளிய அனுப்ப முடியாது, சாந்தாக்கா."

"அனுப்பக் கூடாதுங்க" என்றார் சாந்தாமணி.

லோகப்பிரியாவுக்கு ஹால் டிக்கெட் வந்துவிட்டது. தேர்வு நவம்பரில். சாந்தாமணி நிராகரித்த வீடுகளுக்கு வரும் திங்கட்கிழமை முதல் சபரீஷும் இன்னொருவரும் போகிறார்கள். முதல் வீடு சத்தியமங்கலத்தில் இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் படிப்பை விட்டு ஒரு வருடம் ஆகிறது.